மணலுக்குள் ஒரு மண்புழு

லகாட் என்ற ஊரில் ஈயம் தோண்டி முடித்த இடங்களில் மண் இருக்காது. வெறும் வெள்ளை மணல்தான். மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் நடந்தால் தவளைபோலக் குதித்துக்கொண்டே போக வேண்டும்.

அந்த மணலில்தான் எல்ஸியின் அப்பா பாஸ்கலும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள். அந்த வருடம் ஈயத்தின் விலை மளமளவென்று விழுந்து, சுரங்கங்களை மூடிவிட்டார்கள். தெருவில் பாதி வீடுகளில் வேலை இல்லை.

"சும்மா ஒக்காந்திருந்தா சோறு வருமா? எல்லாரும் சேர்ந்து நட்டு, எல்லாரும் பிரிச்சுக்கலாம்லா!" என்று ஆரம்பித்து வைத்தவர் பக்கத்து வீட்டு மங்களம் அத்தை.

ஆனால் முதலில் விதைத்த கீரை கருகியது. எதிர்வீட்டு அப்பாவு மாமா ஒரு மூட்டை உரம் கொண்டுவந்து போட்டார். ஒரே மழையில் அது மணல் வழியாக இறங்கி எங்கோ போய்விட்டது. அடுத்து விதைத்ததும் தலைசாய்ந்தது.

"இனிமே இங்க ஒண்ணும் முளைக்காது. நான் ஜொகூருக்கு வேலை தேடிப் போறேன்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எல்ஸியின் காதில் விழுந்தது. அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா காய்கறித் தோலைக் கொட்டிவரச் சொன்னாள். தெருக்கோடியில் எல்லாரும் குப்பை கொட்டும் மேடு அது. மூக்கைப் பிடித்துக்கொண்டு போன எல்ஸி அப்படியே நின்றுவிட்டாள்.

குப்பை மேட்டின்மேல் ஒரு பூசணிக்கொடி! யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அது பாட்டுக்கு, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய இலைகளோடு ஓடிக்கொண்டிருந்தது.

'இதுக்குக் கீழேயும் அதே மணல்தானே?'

மூக்கிலிருந்த கையை எடுத்துவிட்டு அவள் குச்சியால் கிளறினாள். மேலே காய்ந்த இலை. அதற்குக் கீழே கறுப்பாக, மெத்தென்று ஏதோ. நாற்றமே இல்லை, மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு வாசம். உள்ளே கைவிட்டாள். இளஞ்சூடாக இருந்தது, தூங்கும் பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல.

அப்போது அவள் விரலைச் சுற்றி ஏதோ நெளிந்தது. மண்புழு! லகாட்டில் அவள் பார்த்த முதல் மண்புழு. கத்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"அப்பா! அத்தை! எல்லாரும் வாங்க!"

"என்னாடி, பாம்பா?" என்று அப்பாவு மாமா மண்வெட்டியோடு ஓடிவந்தார். எல்ஸி காட்டியதும் முகம் சுளித்தார். "ஐயே, குப்பை! இதுக்கா கூப்பிட்ட?"

"கையை உள்ள விட்டுப் பாருங்க மாமா."

மாமா தயங்கினார். மங்களம் அத்தை வளையலை மேலே ஏற்றிவிட்டு முழங்கைவரை கையை விட்டார். அவர் கண்கள் விரிந்தன.

"பாஸ்கல்... சூடா இருக்குப்பா. உசுரு இருக்கு இதுக்குள்ள."

அப்பா மண்டியிட்டு ஒரு பிடி அள்ளினார். அதை விரல்களால் உதிர்த்துப் பார்த்தார்.

"நாம அழுகிப்போச்சுன்னு தூக்கிப் போட்டதெல்லாம் மண்ணா மாறியிருக்கு அப்பா. இன்னும் நெறைய போட்டா தோட்டமும் இப்படி ஆகுமில்ல?" என்றாள் எல்ஸி.

அடுத்த நாளிலிருந்து பள்ளிவிட்டதும் எல்ஸியும் தெருப் பிள்ளைகளும் கோணிப்பையோடு மார்க்கெட்டுக்குப் போனார்கள். "அங்கிள், வாடின கீரை வேணும்" என்று கேட்டதும் காய்கறிக்கடைச் சீனர் சிரித்தார். "ஆயம் வளர்க்கிறியா?"

"கோழி இல்ல, மண்ணு வளர்க்கிறோம்!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவரே கூடையில் எடுத்து வைக்கத் தொடங்கினார். யாரோ மாட்டுச் சாணி தந்தார்கள். யாரோ வாழைத்தண்டு வெட்டி வந்தார்கள். எல்லாவற்றையும் மணலில் பள்ளம் தோண்டிப் புதைத்து, புல்லால் மூடினார்கள். மழைக்காலம் வந்து போனது.

பிறகு விதைத்தார்கள். கீரை முளைத்தது. நிமிர்ந்தும் நின்றது! வெண்டை, கத்தரி, மிளகாய் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. வேலையில்லாமல் முகம் வாடிக் கிடந்தவர்கள் பாத்திகளுக்கு நடுவில் கேலி பேசிச் சிரித்தார்கள். நடக்க முடியாத குழந்தையம்மாள் ஆச்சியின் வீட்டுக்கு முதல் கட்டுக் கீரை போனது.

"ஜொகூருக்கு எப்போப்பா போறீங்க?" என்று எல்ஸி மெதுவாகக் கேட்டாள்.

"நல்லா கேட்ட போ! நான் போயிட்டா மிளகாய்க்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்றார் அப்பா.

ஒரு நாள் விடிந்ததும் எல்லாரும் வெண்டைக்காய் பறிக்கப் போனார்கள். முன்னால் போன எல்ஸி சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

பாத்திகளுக்கு நடுவில் கொக்குகள்! எறும்புகூட எட்டிப் பார்க்காத அந்த மணல்காட்டுக்கு, கூட்டமாக வெள்ளைக் கொக்குகள் வந்திருந்தன. ஈர மண்ணில் மெல்ல மெல்லக் காலெடுத்து வைத்து, புழு கொத்திக்கொண்டிருந்தன. மலைக்குப் பின்னாலிருந்து வந்த வெயில் அவற்றின் இறக்கைகளில் பட்டது.

எப்போதும் சத்தமாகவே பேசும் அப்பாவு மாமா, மண்வெட்டி ஓசை எழுப்பிவிடக்கூடாதே என்று, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல அதை மெல்லத் தரையில் வைத்தார்.