ஏரியிடம் வாங்கிய தண்ணீர்

"ஏரித் தண்ணியக் குடிச்சேனே, அத எப்பம்மா திருப்பிக் குடுக்கறது?"

போன வருஷம் கத்திரி வெயிலில் ஓவியா இப்படிக் கேட்டபோது சந்திரகலா சிரித்துவிட்டாள். அன்று அடி அண்ணாமலைக்குப் பின்னால் இருக்கும் வறண்ட ஏரிக்குள் வேன் கொதித்து நின்றிருந்தது. கையிலிருந்த தண்ணீரெல்லாம் ரேடியேட்டருக்கே போய்விட, பிள்ளை மயங்கிச் சரிந்தாள். தேடி ஓடியபோது, பாளம் பாளமாக வெடித்த மண்ணின் நடுவே சட்டி அளவு ஒரு குழியில் தெளிந்த தண்ணீர் கிடந்தது. அண்ணாமலையாரே கொடுத்தார் என்று ஒரு சொம்பு மொண்டு வந்து புகட்டினாள். கண் விழித்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி அது.

"மழை வந்தா அதுவே எடுத்துக்கும், போடி" என்றாள் தாய்.

அந்த வருஷம் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை.

இந்த வருஷம் அந்த ஏரிதான் அவர்களுக்கு வாசல். கணவன் பாலாஜி போய்ச் சேர்ந்த பிறகு வாடகை வீடு தாங்கவில்லை. அவன் விட்டுப்போன வேன்தான் வீடு. பின் சீட்டுகளைக் கழற்றிப் பலகை போட்டாள். பழைய புடவை திரையானது. பகலில் வேங்கிக்கால் ஆபீஸ்களுக்கு எதிரே வேனிலேயே கூழும் மோரும் விற்பாள். பொழுது சாய்ந்ததும் யாரும் விரட்டாத இந்த ஏரிக்குத் திரும்புவாள். கதவைத் திறந்தால் சூடேறிய தகரமும் ரப்பரும் புளித்த கூழும் சேர்ந்த வாடை முகத்தில் அடிக்கும். எதிரே மலை. அதைப் பார்த்து நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டால் பயம் கொஞ்சம் கம்மியாகும்.

புதுப் பயம் ஒன்று தண்ணீர் கேனில் தொடங்கியது. சாயங்காலம் வாய் வரை நிரப்பி மூடியதில் விடிந்து பார்த்தால் ஒரு சாண் குறைந்திருந்தது. கீழே ஈரம் இல்லை. மூடி இறுக்கமாக இருந்தது. மறுநாளும் அப்படித்தான்.

பக்கத்தில் இருந்தவர் ஒருவர்தான். வண்டி சீட்டு தைக்கும் ஜியாவுல்லா பாய். அவருக்கும் வேன்தான் வீடு. கீழ்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. ஓவியாவுக்கு மேல் பல் விழுந்த அன்று அவர்தான் அழுகையை நிறுத்தினார்.

"உனக்கு மேல இல்ல, எனக்குக் கீழ இல்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு வாய் ஆச்சே!"

"உங்க வாய்ல வெத்தல நாத்தம், பாய் தாத்தா. எனக்கு வேணாம்."

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அந்தி நேரத்தில் தன் வேனுக்கு முன்னால் வெறும் மண்ணில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார்.

"ஒரு செடி கூட இல்ல. எதுக்கு பாய் ஊத்தறீங்க?"

"ஒரு தடவ இங்க குடிச்சிட்டேன்மா. வாங்குனத வெச்சிக்கக் கூடாது."

அப்போது அது கிழவரின் பேச்சாகத் தெரிந்தது. கேன் குறையத் தொடங்கிய பிறகு வேறு மாதிரித் தெரிந்தது. சந்தேகம் புகுந்த கண்ணுக்கு உதவிக்கு நீளும் கையும் திருட வரும் கையாகத்தான் தெரியும். ஒரு விடியலில் அவர் ஈரக் கையோடு அவள் வேனின் பின்பக்கம் நின்றதைப் பார்த்ததும் வெடித்துவிட்டாள்.

"தண்ணி வேணும்னா கேட்டு வாங்குங்க பாய். திருடாதீங்க."

அவர் ஜன்னலைக் காட்டினார். பிள்ளை படுத்திருந்த பக்கம் ஒரு நனைந்த கோணி தொங்கியது.

"புள்ளைக்கு உஷ்ணம் ஜாஸ்தியா கீதுன்னு நனைச்சுப் போட்டேன். என் தண்ணிதாம்மா."

அவள் நம்பவில்லை. கீழ்பென்னாத்தூரில் வேலை என்று தன் வேனை ஏரியிலேயே விட்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவர், போகும்போது தன் கேனை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை. தன் கேனுக்குச் சங்கிலி போட்டு, மகளின் பலகைக்கு அடியில் பூட்டி வைத்தாள்.

அப்படியும் குறைந்தது.

அதற்குள் ஓவியா படுத்துவிட்டாள். சொம்பு சொம்பாகக் குடித்தாள். ஆனாலும் உதடு ஏரி மண் போலப் பாளம் விட்டது. வியர்வை இல்லை. கண்ணில் ஈரம் இல்லை. டாக்டர் வெயில் என்றார், பாட்டில் ஏற்றினார். ஏற்றிய தண்ணீர் எங்கே போனது என்று தெரியவில்லை.

"குடி கண்ணு. இன்னும் கொஞ்சம்."

"குடிக்கிறேன்மா. ஆனா வேற யாரோ முழுங்கறாங்க."

உச்சி வேளை. நிழல் காலடியில் சுருண்டிருந்தது. ஒரு காக்கை கூட இல்லை. சந்திரகலா தரையில் உட்கார்ந்து, பூட்டிய கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர்க் கோடு மெல்ல இறங்கியது. கை எதுவும் இல்லை. கோடு இறங்கியது.

வேனுக்கு அடியில் ஒரு சத்தம்.

களக்.

தொண்டையில் நீர் இறங்கும் சத்தம்.

களக். களக்.

மகளின் தொண்டை அசையவே இல்லை.

போன வருஷம் மகள் கேட்ட அந்தக் கேள்வி அப்போதுதான் அவளுக்குள் வந்து விழுந்தது. பூட்டைத் திறந்தாள். மிச்சம் ஒரு சொம்பு. அதே சொம்பு. வெறுங்காலோடு ஓடினாள். மண் சுட்டது. குழி இருந்த இடம் காய்ந்து பிளந்து கிடந்தது. "அருணாசலா" என்று சொல்லி, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினாள்.

குடித்தது.

ஈரமண் கூடிக் குழைந்து உதடாயிற்று. சின்ன உதடுகள். அவை விலகியபோது உள்ளே மண்ணாலான பல்வரிசை. மேலே ஒரு பல் இல்லை.

திரும்பி ஓடினாள். ஓவியாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"அம்மா, பசிக்குது. கூழ் குடு."

பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூழ் ஊட்டித் தூங்கவைத்து, பொழுது சாயும் நேரத்தில் பாய்க்குப் போன் செய்தாள். தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லத்தான். அவர் குரல் உமி அரைப்பது போல இருந்தது.

"உடுமா... பஸ் இல்ல. இன்னிக்கு வர முடியாது. தொண்ட ஒட்டிக்கிது. எவ்ளோ குடிச்சாலும்..."

"பாய், உங்க வண்டி முன்னால..."

"வேணாம்மா. இருட்டப் போவுது. நீ அங்க போவாத."

போன் நின்றுவிட்டது.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதைக் குழாயில் பிடித்து வந்தாள். ஓவியா தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. பாயின் குவளை அவர் வேன் படியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நிரப்பிக்கொண்டு, அவர் தினமும் ஊற்றும் இடத்தில் குனிந்தாள்.

அங்கே மண் ஏற்கெனவே திறந்திருந்தது. சுருக்கம் விழுந்த உதடுகள். கீழே இரண்டு பற்கள் இல்லை. உள்ளிருந்து வெற்றிலை வாடை வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக, நோயாளிக்குப் புகட்டுவதுபோல ஊற்றினாள். குவளை காலியானது. உதடுகள் மூடிக்கொண்டன.

நிமிர்ந்தாள். மலைக்குப் பின்னால் கடைசி வெளிச்சம் இருந்தது. கரையிலிருந்து கரை வரை ஏரி மண் வெடித்துக் கிடந்தது. இத்தனை காலமாக இந்த ஏரியில் குடித்தவர்கள் எத்தனை பேரோ. வெடிப்புகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், உதடு பிரிந்தன.

எல்லாம் அவள் இடுப்பிலிருந்த குடத்தின் பக்கம் திரும்பியிருந்தன.