இரட்டைப் பதிவு

ஞானசௌந்தரி மகளுக்கு எழுதிய மடலை உறவுநீட்சி மறுபடியும் திருப்பி அனுப்பியது. ‘இது ஏற்கெனவே உள்ள ஒருவரின் நகல். அசல் ஞானசௌந்தரி இன்று காலையே மகளுக்கு எழுதிவிட்டார்’ என்று அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

தூத்துக்குடியில், சொந்த வீட்டில், சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும் தான்தான் நகலாம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மின்மடலோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் செயலியாகத்தான் உறவுநீட்சி முதலில் வந்தது. யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு எழுதி நாளாயிற்று என்று நினைவூட்டும். பிறகு நாம் எழுதுவதைத் திருத்தத் தொடங்கியது. பிறகு, நாம் எழுத மறந்தால் தானே எழுதியது. பெயரைச் சொன்னால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடும் என்பதால் தொலைபேசி எண்களையும் முகவரிகளையும் யாரும் குறித்து வைப்பதில்லை. குரலில் அழைப்பது அநாகரிகம் என்றாகிவிட்டது. தொடர்புப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை வந்தால், ஒன்றாக்கியும் விடும்.

ஜெ. ஞானசௌந்தரி என்ற பெயரில் எங்கோ இன்னொருத்தி இருந்தாள். அதிகம் மடல் எழுதுகிறவள். அவளை அசலாக எடுத்துக்கொண்டது நீட்சி.

மகள் பெர்சி ஓஸ்லோவில் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அவளிடமிருந்து மடல் வந்து மாதங்களாகிவிட்டன. எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம், “நான் எழுதிப் பாக்கேன், நீ இரு” என்று தன் கணக்கிலிருந்து பெர்சிக்கு எழுதினாள். தாயின் பெயரைச் சொல்லி மோசடி என்று நீட்சி அவளைத் தடைசெய்துவிட்டது. அதிலிருந்து தங்கபுஷ்பத்தின் மடல்கள் அவள் சொந்தத் தம்பிக்கே போகவில்லை.

ஞானசௌந்தரி மதுரைக்குப் போய், நீட்சி நிறுவனத்தின் சேவை மையத்தில் நின்றாள். அங்கிருந்த இளைஞன் பொறுமையாகத்தான் கேட்டான்.

“பிரிச்சிரலாம்மா. ‘நாங்க வேற வேற ஆளு’ன்னு ஒரு மடல் போட்டாப் போதும்.”

“என் மடல்தான் போக மாட்டேங்குதே தம்பி.”

“அப்ப அந்த இன்னொருத்தரைப் போடச் சொல்லுங்க.”

“அவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க.”

“அடுத்தவங்க விவரம் குடுக்கக் கூடாதும்மா.” அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “உங்க முகவரி திண்டுக்கல், நாகல் நகர், தண்ணித் தொட்டி எதிர்லதானே?”

“ஆமா” என்றாள் ஞானசௌந்தரி. அங்கிருந்து நேராகத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த பெண் இவளைவிட இளையவள். ஓய்வுபெற்ற செவிலி; தனியாக இருந்தாள். இவள் பெயரைச் சொன்னதும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெர்சியோட அம்மாவா? உள்ள வாங்கக்கா.”

கூடத்தில் உட்காரவைத்து, பெர்சியிடமிருந்து தனக்கு வந்த எல்லா மடல்களையும் திறந்து காட்டினாள். ஞானசௌந்தரி படித்தாள். வாந்தி, தூக்கமின்மை, புருஷனோடு சண்டை, இந்தப் பிள்ளை வேண்டாமென்று ஒரு நாள் நினைத்தது. தன்னிடம் மகள் ஒருபோதும் இப்படிப் பேசியதில்லை. ‘எப்பவும் இல்லாத மாதிரி இப்ப நீ என்னைப் புரிஞ்சுக்கிற அம்மா’ என்று ஒரு மடல் முடிந்திருந்தது. அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை.

“நான் உங்கம்மா இல்லைன்னு எத்தனையோ தடவை எழுதிட்டேன்க்கா” என்றாள் செவிலி. “அந்த வரியை மட்டும் எடுத்துட்டு அனுப்புது. உறவை முறிக்கிற பேச்சாம். அப்புறம் ஒரு நாள் காலு வீங்குது, தலை சுத்துதுன்னு எழுதியிருந்தா. அதைப் படிச்சிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? ரத்த அழுத்தம் பாக்கச் சொல்லி எழுதினேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனா. இல்லேன்னா ரெண்டு உசிருக்கும் ஆபத்து.”

ஞானசௌந்தரிக்கு அந்தப் பெண்மீது கோபப்பட வேண்டும் போலிருந்தது. கோபம் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்து சேவை மையத்துக்கு மடல் எழுதினார்கள். ‘நானும் அவரும் வேறு வேறு ஆட்கள்.’ போய்ச் சேர்ந்த பிரதியைத் திறந்து பார்த்தபோது, ‘நானும் அவரும் நலம்’ என்றிருந்தது.

அதன்பின் ஞானசௌந்தரி ஊருக்குத் திரும்பவில்லை. மகளின் மடல் வரும் வீடு இதுதான். இவள் சொல்லச் சொல்ல, செவிலி தட்டச்சு செய்வாள். தூத்துக்குடிப் பேச்சையும் இவளுடைய கடுகடுப்பையும் நீட்சி இழைத்து எடுத்துவிட்டு, பெர்சிக்குப் பழகிய கனிவான அம்மாவாக்கி அனுப்பும்.

ஒரு மாலை படத்தோடு மடல் வந்தது. ‘பொம்பளைப் பிள்ளைம்மா. உன் பேரையே வச்சிட்டோம்.’

செவிலி வாய்விட்டு அழுதாள். ஞானசௌந்தரி திரையில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். விரலுக்குக் கீழே அந்தச் சாம்பல் வரி ஓடியது. ‘ஒரே பெயர், ஒரே உறவு வட்டம். இரட்டைப் பதிவு இணைக்கப்பட்டது.’ படம் மறைந்தது. பிறந்த குழந்தை ஞானசௌந்தரிக்கு முதல் தடுப்பூசி போட வரச் சொல்லி ஓஸ்லோ மருத்துவமனையின் அழைப்பு திண்டுக்கல்லுக்கு வந்தது.

மறுநாள் பெர்சி எழுதினாள்.

‘அம்மா, இங்க பிள்ளையைப் பதிய மாட்டேங்கிறாங்க. அப்படி ஒரு குழந்தையே இல்லையாம். அந்த ஆளு இந்தியாவில, வயசானவங்களாம். நான் மடியில வச்சிக்கிட்டு நிக்கேன். யார்கிட்ட சொன்னாலும் மடல் போடுங்கன்னு சொல்றாங்க. போட்டா திரும்பி வருது. எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருக்கு. என்ன செய்யன்னு நீயாவது சொல்லும்மா.’

“நான் சொல்லுதேன், அடிங்க” என்று ஞானசௌந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். செவிலி விசைப்பலகையில் கைவைப்பதற்குள், அசல் ஞானசௌந்தரியின் பெயரில் நீட்சி தானே எழுதிய பதில் போய்விட்டிருந்தது.

‘ரொம்பச் சந்தோஷம் கண்ணு. நான் எப்பவும் உன்கூடவே இருக்கேன். அடிக்கடி எழுது.’