தரையில் கால் படாமல்

ராக்காயியின் கீழுதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. உதட்டோரமாக நடந்து, மூக்குக்கடியில் நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டு, திரும்பவும் உதட்டுக்கே வந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த உண்ணாமலைக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. ராக்காயி தூங்கவில்லை. ஈ போகிற பக்கமெல்லாம் அவள் கருவிழியும் போயிற்று. போர்வைமேல் கிடந்த கை மட்டும் அசையவில்லை.

"ஏத்தா ராக்காயி, கை இல்லயா ஒனக்கு? ஓட்டேன்" என்றாள் உண்ணாமலை.

ராக்காயியின் கருவிழி அவள் பக்கம் திரும்பியது. கூடத்தின் கோடியிலிருந்து பணிப்பெண் சந்தனம் வந்து, விசிறியால் ஈயை ஓட்டி, ஈரத்துணியால் அந்த உதட்டைப் பூப்போலத் துடைத்தாள்.

"அவுக எதுக்கும்மா சிரமப்படணும்? நாங்க இருக்கோம்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

உண்ணாமலை இங்கே வந்தது நடந்து பழகுவதற்கு. வல்லத்திராக்கோட்டையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் போட்ட கட்டைப் பிரித்தபோது டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: எலும்பு கூடிவிட்டது, இனி நடந்து பழகாவிட்டால் காலத்துக்கும் படுக்கைதான். குன்றாண்டார்கோவிலுக்கு அப்பால், சமஸ்தானம் போனபிறகு பூட்டிக் கிடந்த ஒரு சத்திரத்தில் வயசாளிகளை நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பும் இல்லம் ஒன்று நடப்பதாகக் கேள்விப்பட்டு, மகன் ரத்தினவேல் வண்டி கட்டிக் கொண்டுவந்து சேர்த்தான். மகள் செவந்திக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம். அது தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், பிள்ளையைக் கையில் வாங்க உண்ணாமலை எழுந்து நிற்க வேண்டும். அந்த ஒரே ஆசையில்தான் முன்பின் தெரியாத இடத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. வெள்ளையடித்த சுவர், காற்றோட்டமான கூடம், வேப்பெண்ணெயும் சாம்பிராணியும் கலந்த வாசனை, யார் முகத்திலும் ஒரு சுளிப்பில்லை. காலையில் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டாளோ இல்லையோ, சந்தனமும் இன்னொருத்தியும் ஓடிவந்து தாங்கிக்கொள்வார்கள். "நாங்க தூக்கிக்கிறோம்மா." கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அதுவும் வேண்டாமென்று பாத்திரம் கட்டிலுக்கே வந்தது. சோற்றில் கைவைக்கப் போனால் விரல்களைத் துடைத்துவிட்டு அவர்களே பிசைந்து ஊட்டினார்கள். வாய்க்கு நேரே நீட்டிய கவளத்தை எப்படி மறுப்பது? ஊட்ட வந்த கையைத் தட்டிவிட்டவள் என்று பெயரெடுப்பதா? அவளும் மாமியாரை வருஷக்கணக்கில் படுக்கையில் வைத்துப் பார்த்தவள்தான். தரையில் கால் படாமல் பார்த்தாள் மருமகள் என்று சாவு வீட்டில் ஊரே மெச்சியது. வயசாளியைப் பார்த்துக்கொள்வதற்கு அவள் ஊரில் அதைவிட நல்ல பேர் கிடையாது. ஆகவே வாயைத் திறந்தாள்.

ஈயைப் பார்த்த அன்று மத்தியானம் அவள் கண்ணில் ஒரு முடி விழுந்தது. ஒதுக்கக் கையைத் தூக்கினாள். கை வந்தது, ஆனால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதுபோல் தாமதமாக வந்தது. அந்தக் கையை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

பணிப்பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். வெளியே வெயிலில் புறா ஒன்று முனகிக்கொண்டிருந்தது. உண்ணாமலை கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். பாதம் தரையில் பட்டது. அந்தச் சிவப்புத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அத்தனை சந்தோஷம். ஓர் அடி வைத்தாள். சுவரைப் பிடித்து இன்னோர் அடி. கூடத்தில் இருந்த கிழவிகள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு தலையும் திரும்பவில்லை, கண்கள் மட்டும் அவளோடு வாசலைநோக்கி நகர்ந்தன. ராக்காயியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

வாசலில் சந்தனம் நின்றிருந்தாள். அவள் திட்டவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எங்க மேல என்னம்மா கொறை? எதுல கொறை வச்சோம்?"

குழந்தையைப்போல் அள்ளிக் கட்டிலில் கிடத்தினாள். சாயங்காலம்வரை கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், மெதுவாக, இடைவிடாமல். எண்ணெய் ஊற ஊறக் கால்கள் இதமாகக் கனத்தன. மறுநாள் காலையில் உண்ணாமலை கட்டைவிரலை அசைக்கப் பார்த்தாள். அது அசையவில்லை. அடுத்த சில நாட்களில் கைகளும் அப்படியே ஆயின. பேசலாமென்று வாயெடுத்தால் அவள் நினைத்ததைச் சந்தனமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். தண்ணி வேணுமா. போர்வைய இழுக்கணுமா. பேச வேண்டிய தேவையே இல்லாமல் நாக்கு வாய்க்குள் படுத்துவிட்டது.

ரத்தினவேல் வந்தான். தலை வாரி, பூ வைத்து, பளிச்சென்று இருந்த தாயைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

கூட்டிட்டுப் போய்யா. என்னை இங்கிட்டிருந்து கூட்டிட்டுப் போ. உண்ணாமலை கண்ணாலேயே கதறினாள். நீர் வழிந்தது. சந்தனம் அதை வழித்துத் துடைத்தாள்.

"மகனப் பாத்த சந்தோசம். ரொம்ப சௌகரியமா இருக்கேன், கவலப்படாதய்யான்னு சொல்றாக."

"வீட்டுல நாங்க பாத்திருந்தாக்கூட இம்புட்டு நல்லா பாத்திருக்க முடியாதுங்க" என்றான் அவன். தாயின் பக்கம் குனிந்தான். "ஆத்தா, செவந்தி பேறுகாலத்த நெனச்சு அலமலந்து கெடக்காதீக. அவ மாமியாரு வந்து எல்லாத்தையும் பாத்துக்கிறாகளாம். நீங்க நிம்மதியா இருங்க."

காலைத் தொட்டுக் கும்பிட்டான். தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. மாட்டுச் சலங்கைச் சத்தம் ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்து, பிறகு கேட்கவேயில்லை.

விளக்கு வைக்கும் நேரமாயிற்று. கூடத்தில் ஒரு சத்தம். உஸ்ஸென்று வந்து, நின்று, திரும்ப உஸ்ஸென்றது. உண்ணாமலை விழிகளை மட்டும் உருட்டிப் பார்த்தாள். சந்தனம் ராக்காயியின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை ராக்காயியின் நெஞ்சில் இருந்தது. அழுத்தினாள், காற்று வெளியே வந்தது. கையைத் தளர்த்தினாள், காற்று உள்ளே போனது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, எதையோ முணுமுணுத்துக்கொண்டு. மூக்கைத் துடைக்க ஒருமுறை கையை எடுத்தாள். நெஞ்சு நின்றது. ராக்காயியின் கண்கள் விரிந்தன, பிதுங்கின. துடைத்து முடித்து, கை திரும்ப வந்தது.

அதற்கு அப்பால் இன்னொரு கட்டில். இன்னொரு பணிப்பெண். நெஞ்சின்மேல் ஒரு கை. அதற்கும் அப்பால் இன்னொரு கை. கூடம் முழுக்க.

ராக்காயியிடம் வேறொருத்தியை உட்காரவைத்துவிட்டுச் சந்தனம் எழுந்தாள். உண்ணாமலையின் கட்டில் கிறீச்சிட்டது. வேப்பெண்ணெய் வாசனை. வெதுவெதுப்பான கை.

வேண்டாம்.

உண்ணாமலை மூச்சை இழுத்தாள். தானாக. விட்டாள். இன்னொன்று. விடமாட்டேன். இன்னொன்று.

"எவ்வளவு பாடுபடுறீங்க" என்றாள் சந்தனம். குரலில் உண்மையான இரக்கம். "நான் பாத்துக்கிறேன்மா."

கை அழுத்தியது. அவள் விடுவதற்கு முன்பே மூச்சு வெளியே போனது. இழுப்பதற்கு முன்பே உள்ளே வந்தது. சுகமாக இருந்தது. ஐயோ, எவ்வளவு சுகம். ஒரு மூச்சுக்கு அவள் எதிர்த்தாள். அடுத்ததற்கு மறந்துவிட்டாள்.

வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"இந்தா வந்துர்றேன்மா" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, சந்தனம் கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உண்ணாமலையின் கண்கள் அவள் முதுகையே பிடித்துக்கொண்டு போயின. நெஞ்சு அசையவில்லை. சந்தனம் கட்டில்களைத் தாண்டினாள். தூணைத் தாண்டினாள். வாசலில் நின்றாள். அங்கே யாரோ ஊர்க்கதை ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள், சந்தனம் நிலையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு கேட்கத் தொடங்கினாள்.