முன்னால் ஓர் இடம்

அவன் கை வைக்காமலேயே திரையில் ஒன்பதுகள் வந்து விழுந்தன. கீபோர்டில் எதையாவது கொட்டியிருப்போம் என்று நினைத்துக்கொண்டான். பயம்கூட வரவில்லை. மனைவி செத்துப்போனதிலிருந்து மனசு மரத்துத்தான் கிடந்தது.

அவன் எழுதிக்கொண்டிருந்தது பெரிய எண்களுக்கான புரோகிராம். கறுப்புத் திரையில் எவ்வளவு நீள எண்ணைத் தட்டினாலும் அது பிசகாமல் கூட்ட வேண்டும். அவன் எழுதும் எதையும் முதலில் சோதித்துப் பார்ப்பவள் அவள்தான். வரி நிறைய ஒன்பதுகளை அடித்து, அதோடு ஒன்றைக் கூட்டுவாள். கடைசி ஒன்பது பூஜ்யமாகிப் பக்கத்து ஒன்பதைத் தள்ளும், அது அடுத்ததைத் தள்ளும். "இதுல பாஸானாதான் உங்களுக்குச் சாப்பாடு" என்பாள்.

மத்தியானம் அக்கா போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். "நீ இப்படியே பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்திருந்தா பாப்பாவ நான் கூட்டிட்டுப் போயிடுவேன்." அந்த ஒன்றுதான் இன்னும் அவனுக்கு வலித்தது. பாப்பாவும் போய்விட்டால் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

சரி, வந்த ஒன்பதுகளோடு ஒன்றைக் கூட்டினான். விடை முழுக்கப் பூஜ்யம். முன்னால் நிற்க வேண்டிய ஒன்றைக் காணோம். அதற்கு இடமே ஒதுக்கவில்லை, கத்துக்குட்டி செய்கிற தப்பு. கூடுதலாக ஓர் இடம் விட்டு மறுபடி ஓட்டினான்.

ஒன்று வந்து நின்றது.

சன்னல் சாத்தியிருந்த அறையில், மெல்ல, குளித்துவிட்டு வந்த தலைமுடியின் ஈர வாசனை பரவியது. பக்கத்து அறையில், சாயங்காலத் தூக்கத்திலிருந்த பாப்பாவின் கட்டில் கிறீச்சிட்டது.

"பாப்பா?"

"தள்ளிப் படுத்துட்டேன்பா. அம்மா படுக்கணுமாம்."

சேர்த்த இடத்தை அவசரமாக அழித்தான். மறுபடி ஓட்டினான். ஒன்று அங்கேயே நின்றது. அழித்தான். நின்றது. கீபோர்டில் ஒன்பது தானாக அமுங்கத் தொடங்கியது. டக். டக்.

"இன்னும் தள்ளணுமாம்பா."

ஓடினான்.

கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மெத்தையின் நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளம். தலையணை நனைந்திருந்தது. பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை வைக்கக்கூட இடமில்லை.

பாப்பா இல்லை.

சுவருக்குள்ளிருந்து, தூக்கக் கலக்கத்தில், அவள் குரல் வந்தது.

"இன்னுமாம்மா?"