வலது காதுக்காரி

சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஜைனுதீன் சொன்னார்: "ஆமா, உப்பு ஒரு கல்லு கூடத்தான்."

ரோஷன் பேகம் உப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. குழம்புச் சட்டியும் கரண்டியுமாக அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் வாயைக்கூடத் திறக்கவில்லை. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒரே மகள் ஹம்னா கல்யாணமாகி மலேசியா போய்விட்டாள். தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது, கொல்லையில் ஒரு காக்கை கத்தியது, மற்றபடி மீமிசல் ஊரே மதியச் சோற்றில் வாயடைத்துக் கிடந்தது.

"என்ன மச்சான் சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல" என்று மீனைப் புட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்க்காததுதான் அவளைச் சுட்டது. உப்புக்குக் குறை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அதை யாரிடம் சொன்னார், யார் கேட்டு ஆமோதித்தார் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜைனுதீன் பாதி ஆயுசை அரபு நாட்டுக் கப்பல் பட்டறையில், இன்ஜின் இரைச்சலுக்குள் கழித்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி போல வருவார், பெட்டியைப் பிரிப்பார், மறுபடி கட்டுவார். ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது இடது காது முழுசாகப் போயிருந்தது, வலது காது பேருக்குத்தான் இருந்தது. ஊரெல்லாம் ரோஷனைப் பார்த்து உச்சுக் கொட்டியது. அவளோ உள்ளுக்குள் அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அவள் பேசுவது புரிய வேண்டுமென்றால் அவர் அவள் உதட்டைப் பார்த்தே ஆக வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்துகொள்வார். நிக்காஹ் முடிந்த வாரத்தில்கூட அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. இந்த வயசில் உதட்டுக்கு வாசலின் தடவிக்கொள்ள ஆரம்பித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் கடன் வைத்த புருஷன் ஒருவழியாகக் கைக்கு வந்து சேர்ந்தான் என்று நினைத்தாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் வண்டி ஒன்று அவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் பிரேக் அடித்து நின்ற அன்றுதான் பயந்துபோனாள். அவருக்கு ஹாரனே கேட்டிருக்கவில்லை. முதலில் ஹம்னா போனில் பார்த்து மலிவாக ஒரு காது மெஷின் அனுப்பினாள். அதை மாட்டினால் தட்டில் கரண்டி படுவது இடியாக விழுந்தது, ஆள் பேசுவது மட்டும் விளங்கவில்லை. அவர் அதைக் கழற்றி பீரோவுக்குள் எறிந்தார். அப்புறம் ரோஷனே அவரைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனாள்.

காது பரிசோதனை செய்த பெண் ஹரிணி. கண்ணாடிக் கதவுள்ள சின்ன அறையில் அவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, விதவிதமான சத்தம் கொடுத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி ஒரு கோடு வரைந்தாள்.

"அய்யாவுக்கு கனத்த சத்தம் கொஞ்சம் கேக்குதும்மா. மெல்லிசு சத்தந்தான் போயிருச்சு. குருவிச் சத்தம், பிள்ளைங்க சத்தம், பொம்பளைங்க குரலு" என்றாள். "நீங்க வாங்குன மெஷின் எல்லாத்தையும் ஒண்ணுபோல ஏத்தும். அவருக்கு எது போயிருக்கோ அத மட்டும் ஏத்திக் குடுக்குறதுதான் நல்ல மெஷின். கம்ப்யூட்டர்ல வச்சு நாங்க செட் பண்ணித் தருவோம்."

புது மெஷினின் விலையைக் கேட்டதும் ரோஷன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டாள். ஹரிணி அவளை உட்காரச் சொல்லி மேஜை டிராயரைத் திறந்தாள். ஒருவர் கொஞ்ச நாள் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தது, பழுது ஒன்றுமில்லை, பாதி விலை. காதுக்குள் போகும் அச்சை மட்டும் அவர் காதுக்குப் புதிதாக வார்த்துவிடலாம். அவரை ஒரு வார்த்தை கேட்காமலே ரோஷன் தலையாட்டினாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இதில் தள்ளுபடி வேறு.

மாட்டிய அன்று அந்திநேர மஃரிப் பாங்கு கேட்டு அவர் அழுதார். அவளும் அழுதாள். இரண்டாம் நாள், அடுப்படியிலிருந்து அவள் கேட்டதற்கு ஹாலில் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இனிமேல் அவள் முகம் அவருக்குத் தேவையில்லை. விரல்நுனி அளவு பிளாஸ்டிக், காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவள் இடத்தைப் பிடித்துவிட்டது. அதன் மேல் பொறாமைப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் பொறாமைப்பட்டாள்.

உப்புப் பேச்சுக்கு அப்புறம் அவள் அவரை உளவு பார்க்க ஆரம்பித்தாள். மதியம் சாப்பிட்டதும் கொல்லைப்பக்க அறைக்குப் போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்காருவார். கதவை ஒருக்களித்துச் சாத்துவார். வலது கை காதுக்குப் பின்னால் போகும். மெஷினில் இருப்பது ஒரே பொத்தான், அதை மூன்று தடவை அமுக்குவார். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, கண்ணை மூடி, காத்திருப்பார். கழிமுகத்திலிருந்து சேற்று வாடையும் காய்கிற கருவாட்டு வாடையும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கும், சுவரில் ட்யூப்லைட்டின் மெல்லிய ரீங்காரம் இருக்கும், அவள் கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் இளகும்.

"வந்துட்டியா புள்ள" என்பார்.

புள்ள. அவளை அவர் அப்படிக் கூப்பிட்டது எந்தக் காலத்தில் என்று அவளுக்கே நினைவில்லை. போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது, போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அறைக்குள் வேறு யாருமில்லை. ஆனாலும் அவர் பேசினார், நிறுத்தினார், கேட்டார், சிரித்தார். கேட்கும் நேரம்தான் அதிகம். சமையலைப் பற்றி, அவள் குறட்டையைப் பற்றி, ஒரு தடவை அவள் பெயரையே சொல்லி இருவரும் சிரித்தார்கள். இருவரும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அன்றே ஹரிணிக்குப் போன் போட்டாள்.

"மூணு தடவ அமுக்குனா என்ன பாப்பா?"

"ஒரு தடவன்னா சாதாரணமா கேக்கும். ரெண்டுன்னா கூட்டத்துல கேக்குறதுக்கு. மூணாவது வேற மாதிரிம்மா. அதுல மைக்கே அணைஞ்சிரும். உள்ள ஒரு காந்தச் சுருள் இருக்கு. வயர் பதிச்ச பெரிய ஹால்ல, சில போன்ல, அதுலேர்ந்து நேரா எடுத்துக்கும். வீட்டுல அத வச்சீங்கன்னா கரண்டு வயர் இரையிற சத்தந்தான் கேக்கும்."

"யாரும் பேசுறது?"

"பக்கத்துல நின்னு கத்துனாக்கூட கேக்காதும்மா. ஏன், எதும் பிரச்சனையா? வேணாம்னா கொண்டாந்து குடுத்துருங்க. முன்னாடி வச்சிருந்தவரோட வீட்டம்மாவும் கொண்டாந்து குடுத்துட்டாங்க. மெஷின் நல்லாத்தான் கேக்குது, நீங்களே வச்சுக்கங்கன்னு சொன்னாங்க. காசுகூட முழுசா கேக்கல."

ரோஷன் போனை வைத்தாள். ஆக அவர் தினமும் தன் கையாலேயே அவளை அணைத்துவிட்டுத்தான் போய் உட்காருகிறார்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திய நாள் அது. விசிறி ஓய்ந்து, பிரிட்ஜ் ஓய்ந்து, பக்கத்து வீட்டு மோட்டார் ஓய்ந்து, இவ்வளவு நாள் இதெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஜைனுதீன் குளிக்கப் போனார். தண்ணீர் படக்கூடாது என்பதால் மெஷினைக் கழற்றி, பேட்டரி மூடியைத் திறந்து, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவள் மூடியை அடைத்தாள். தன் வலது காதில் திணித்தாள். அவருக்கு வார்த்த அச்சு அவளுக்குப் பொருந்தாமல் ஊவென்று விசிலடித்தது. விசிலுக்கு நடுவே அவள் முக்காடு உரசும் சத்தம், வளையல் சத்தம், மேலே சன்ஷேடில் காக்கையின் நகம் கீறும் சத்தம் எல்லாம் மூளைக்குள் வந்து விழுந்தன. குளியலறையில் சொம்பு டங்கென்றது.

பொத்தானைத் தேடி அமுக்கினாள். மறுபடி. மறுபடி.

விசில் நின்றது. மைக் அணைந்துவிட்டது. கரண்டு இல்லை, வயர் இரைச்சலும் இல்லை. சுத்தமான மௌனம்.

அந்த மௌனத்துக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

ரோஷன் அசையவில்லை.

"குளிச்சிட்டாரா?"

இளம் குரல். அவசரமில்லாத குரல். வாயை அவள் காதுக்குள்ளேயே வைத்துப் பேசுவது போல அவ்வளவு கிட்டத்தில்.

அவள் ஓதத் தொடங்கினாள்.

"ஓ. நீயா." சின்னதாக ஒரு சிரிப்பு. "கழட்டிக் குடு. அவரு தேடுவாரு."

பிடுங்கி எறிந்தாள். தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று அவளுக்குள் கொதித்தது. என்ன அதிகாரம். என் வீட்டில், என் புருஷனைச் சொல்லி, எனக்கே உத்தரவு போடுகிறாள் சக்களத்தி.

ஹரிணியிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த முன்னால் இருந்தவள் அப்படித்தான் செய்திருக்கிறாள், பிழைத்தும் இருக்கிறாள். ஆனால் கொடுத்தால் இவள் போய் இன்னொருத்தன் காதில் சிரித்துக்கொண்டு உட்காருவாள். உட்கார்ந்துகொண்டு, மீமிசலில் ஒருத்தி இருந்தாள், குழம்பில் உப்பு கூட்டிப் போடுவாள் என்று சொல்வாள். கூடாது. இவள் எங்குமே இருக்கக்கூடாது.

கொல்லையில் அம்மி கிடந்தது. கட்டிலுக்கடியிலிருந்து மெஷினை எடுத்துவந்து அதில் வைத்துக் குழவியால் நசுக்கினாள். பிளாஸ்டிக் தெறித்தது. முடியளவு கம்பிச் சுருள் ஒன்று வெளியே வந்தது. அதையும் விடாமல் அரைத்தாள், தூளாகும் வரை மசாலா அரைப்பது போல அரைத்து, தாளில் மடித்துக் குப்பையில் போட்டாள்.

ஜைனுதீன் வந்து ஜன்னலைத் தடவினார், கட்டிலைத் தடவினார், பிறகு அவள் முன்னால் வந்து நின்றார்.

"எங்க வச்சேன்? பாத்தியா?"

"பாக்கலையே மச்சான்" என்றாள், உதட்டை நிதானமாக அசைத்து.

அவர் கண் அவள் உதட்டுக்கு வந்தது. எத்தனை நாளாயிற்று. அஞ்சு மணிக்கு வரும் என்ற கரண்டு வரவில்லை. கொல்லைப்பக்க அறையில் கட்டிலில் அவரை உட்காரவைத்து, எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் பேசினாள். ஹம்னாவைப் பற்றி, கண்ணாடி மாற்றுவதைப் பற்றி, நாளைக்கு என்ன மீன் என்பதைப் பற்றி. அவர் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் வாங்கித் தலையாட்டினார். வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை அவளே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

"வெளக்கு ஏத்தவா மச்சான்?"

அவர் கண் அவள் உதட்டில் இல்லை. அவள் இடது தோளுக்கு மேலே, வாசற்படி இருக்கும் பக்கம், ஓர் ஆள் உயரத்தில் போயிருந்தது.

வெறுமனே பார்க்கிற பார்வையில்லை. உதடு படிக்கும் பார்வை. உலகத்தில் அவளைத் தவிர அதை அறிந்தவர் யாருமில்லை. கண்மணி ஓரிடத்தில் நிற்காது, சின்னச் சின்னதாக அசையும். புருவம் சுருங்கும். புரிந்ததும் விரியும்.

விரிந்தது.

காதுக்குள் இடம் இருந்தவரைக்கும் அந்தக் குரல்காரிக்கு நேரில் வரவேண்டிய அவசியமே இருந்ததில்லை. ரோஷனுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"மச்சான். இங்க பாருங்க. என்னயப் பாருங்க."

அவர் தலையாட்டினார். அவளுக்கு இல்லை. அவள் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கழுத்து திரும்பியது. கண் திரும்பவில்லை. அவர் அவள் கையை எடுத்து மெதுவாகக் கீழே வைத்தார்.

"தள்ளிக்க" என்றார். "மறைக்கிற."

அவள் தள்ளிக்கொண்டாள். ஏன் தள்ளிக்கொண்டாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்க முடியவில்லை. அவர் கண்ணை மட்டும் பார்த்தாள். அது கிட்டே வந்துகொண்டிருந்தது. வாசற்படியிலிருந்து. பீரோவுக்கு. ஸ்டூலுக்கு. அவள் கன்னத்தை ஒட்டிக் குளிர்ச்சியாக ஏதோ கடந்தது.

"வா புள்ள" என்று ஜைனுதீன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

அப்போது கரண்டு வந்தது. ட்யூப்லைட் இரண்டு தடவை துடித்து எரிந்தது, விசிறி சுற்றத் தொடங்கியது, அறையில் ஒரு நிழல்கூட மிச்சமில்லை. அவர் விட்டுக்கொடுத்த காலி இடத்தில் கட்டில் கயிறு மெல்லத் தாழ்ந்தது, தாழ்ந்தபடியே நின்றது.