பிரேக்கில் இருந்த கால்

"பேட்டரியைக் கழட்டினா எல்லாம் மறந்துடுமா, உஸ்தா?"

"எதெல்லாம்?"

"சீட்டு. கண்ணாடி. ரேடியோவுல அவ வெச்சிருந்த ஸ்டேஷன். எல்லாம்."

"மறக்காம இருக்கத்தான் இந்தச் சின்னப் பெட்டி. இதை மாட்டிட்டுக் கழட்டினா ஒண்ணும் போகாது."

"அதை மாட்டாதீங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த ஹைஸமின் புது மனைவி நுஹா, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு பட்டறைச் சுவரோரம் நின்றிருந்தாள். ஆறு மாதம் இருக்கும். வெளியே பாலைக்காற்று ஆரம்பித்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கே பயாதிர் தொழிற்பேட்டை முழுக்கக் காய்ந்த மஞ்சள் நிறத்தில் இருண்டு போயிருந்தது. எதிர்க் கடைப் பெயர்ப்பலகை தெரியவில்லை. மின்சாரமும் போய்விட்டதால் ஷட்டரை இறக்கிவிட்டு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன்.

"மாட்டலேன்னாலும் எல்லாம் போயிடும்னு சொல்ல முடியாது, தங்கச்சி," என்றேன். "சிலதை வண்டி பிடிச்சு வெச்சுக்கும்."

"தங்கச்சியா?" அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "அவளை எப்படிக் கூப்பிட்டீங்க? உம்மு யஸன்னுதானே? இந்தத் தெருவே அப்படித்தான் கூப்பிட்டுச்சாம். வயித்துல நிஜமாவே யஸனை வெச்சுக்கிட்டு நான் வந்து நின்னா, தங்கச்சி."

அவள் சொன்னது உண்மை. ஹைஸமின் அப்பா பெயர் யஸன். மூத்த பேரனுக்கு அந்தப் பெயர்தான் என்பது பிறக்கும் முன்பே முடிவான விஷயம். அதனால் மீசை முளைத்த நாளிலிருந்தே ஹைஸம் எங்களுக்கு அபூ யஸன், யஸனின் அப்பா. அவன் முதல் மனைவி லுப்னாவைக் கட்டிய அன்றே அவள் உம்மு யஸன், யஸனின் அம்மா ஆனாள். பதினொரு வருடம் அந்தப் பெயரைச் சுமந்தாள். யஸன் மட்டும் வரவில்லை.

பிறகு அவளும் போய்விட்டாள். இதே காரில்தான்.

சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்து நின்றால் இந்த வகைக் காரில் எஞ்சின் தானாக அணைந்துவிடும். காலை எடுத்தால் தானாகக் கிளம்பும். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏழாவது ரவுண்டானா பக்கம் ஒரு சிக்னலில் லுப்னா நின்றாள். எஞ்சின் அணைந்தது. விளக்கு மூன்று முறை பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தவர்கள் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். இதயம் நின்று போயிருந்தது. அவள் கால் மட்டும் பிரேக்கை விட்டு எழவில்லை. அதனால் எஞ்சினும் எழவில்லை.

"போன வியாழக்கிழமை என்ன ஆச்சு, மறுபடி சொல்லுங்க," என்றேன், பேச்சை மாற்ற.

"அதேதான். சிக்னல்ல நின்னேன், அணைஞ்சுது. காலை எடுத்தேன், கிளம்பலை. பின்னாடி தண்ணி லாரி. ஒரு முழம் தள்ளிதான் நின்னான். இறங்கி வந்து என் வயித்தைப் பார்த்துட்டு, திட்ட வந்ததை முழுங்கிட்டுப் போனான்." குரல் தாழ்ந்தது. "அபூ யஸன் ஓட்டும்போது ஒரு தடவைகூட இப்படி ஆகலை. நான் ஓட்டினாதான். அவர் அகபா துறைமுக வேலையில கிடக்கிறார். வலி வந்தா நான் இதுலதான் ஆஸ்பத்திரி போகணும், உஸ்தா. வழியில இது நின்னா?"

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். இப்படி நொடிக்கு நொடி அணைந்து எழும் காருக்கு அதற்கென்றே வரும் கனமான பேட்டரி வேண்டும். ஹைஸம் போன குளிர்காலத்தில் சாதாரண பேட்டரியை வாங்கிப் போட்டிருந்தான். அது சீக்கிரம் களைத்துவிடும். ஸ்கேனரில் இன்னொன்றும் காட்டியது: பிரேக் மிதி அழுந்தியே இருக்கிறது என்று. மிதிக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்சை மாற்றினேன். அப்போதும் அழுந்தியே இருக்கிறது என்றது. பலவீனமான பேட்டரி இப்படிப் பொய் சொல்ல வைக்கும். நிறையப் பார்த்திருக்கிறேன்.

"கதவைத் திறந்தாலே சீட்டு முன்னாடி நகருது," என்றாள் நுஹா. "அவ குட்டையாம். ஸ்டியரிங் வந்து என் வயித்துல இடிக்கும். அவ சீட்டு அளவு பதிஞ்சிருக்கிற அந்த முதல் பட்டனை அழிச்சுடுங்கன்னு அவர்கிட்ட எத்தனை தடவை சொன்னேன். 'இருக்கட்டுமே'ங்கிறார். என்கிட்ட ரெண்டாவது பட்டன்தான் இருக்கு."

அந்தச் சின்னப் பெட்டியை மாட்டாமலே பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தேன்.

காற்று ஷட்டரை உலுக்கியது. தகரத்தின் இடுக்குகளில் மண் சலசலத்தது. ஆலிவ் சோப்பு வாசம் லேசாக வந்தது. நுஹா கை கழுவியிருப்பாள் என்று நினைத்தேன்.

கார்க் கதவு மெல்லச் சாத்தும் ஓசை கேட்டது. தூசிக்குப் பயந்து உள்ளே உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது. நல்லதுதான். பேட்டரியைக் கழற்றிய பிறகும் வயர்களில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொன்னால் பின்விளக்கு ஒரு நொடி மினுங்கி, மிச்சமும் வடிந்துவிடும். எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். நான் பானெட்டுக்குள் குனிந்திருந்தேன். திறந்திருந்த பானெட் உள்ளே இருப்பதை மறைத்தது.

அவள் மனதைக் கொஞ்சம் ஆற்றலாம் என்றுதான் அப்படிக் கூப்பிட்டேன்.

"உம்மு யஸன், பிரேக்கை ஒரு தடவை மிதிங்க."

காருக்குப் பின்னால் இருந்த ஷட்டர் பிரேக் விளக்கில் சிவந்தது.

ஒரு நொடி. இரண்டு. நான் எண்ணினேன். பத்து வரை எண்ணியும் சிவப்பு மங்கவில்லை. தகரத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் இரத்தம் போலத் தேங்கி நின்றது.

"போதும், உம்மு யஸன். காலை எடுங்க."

சிவப்பு அப்படியே இருந்தது.

"உஸ்தா."

குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நான் இங்க இருக்கேன்."

திரும்பினேன். கருவி மேசையருகே, கையில் மரமிய்யா இலை போட்ட டீ கிளாஸோடு நுஹா நின்றிருந்தாள். அவள் பார்வை என்மேல் இல்லை. ஷட்டரின் மேல் இருந்தது.

பேட்டரி என் காலடியில் கிடந்தது. இரண்டு வயர்களும் காற்றில் தொங்கின.

நான் காரைச் சுற்றிப் போய் டார்ச்சை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அடித்தேன். சீட் காலி. பிரேக் மிதி மட்டும் அடிவரை அழுந்தியிருந்தது. அதன் ரப்பர் ஒரு விரலளவு குழிந்திருந்தது, இப்போதுதான் யாரோ பாதத்தை ஊன்றியது போல.

சோப்பு வாசம் இப்போது கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"வாங்க, வெளியே போயிடலாம்," என்று கிசுகிசுத்தேன்.

"எங்க?" என்றாள் நுஹா. "வீட்டுக்கா? அங்கயும் அவ திரைச்சீலை, அவ பானை, அவ படுத்த பக்கம்."

டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு நடந்து வந்தாள். என்னைத் தாண்டி, கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்தாள். அவள் மூச்சு அதில் படிந்தது.

"பேரு உன்கிட்ட இருந்துச்சு, பிள்ளை இல்ல," என்று உள்ளே பார்த்து மெதுவாகச் சொன்னாள். "என்கிட்ட பிள்ளை இருக்கு. பேருதான் இல்ல. ரெண்டையும் நீயே வெச்சுக்கப் பார்த்தா எப்படிடி?"

மின்சாரமில்லாத அந்தக் காருக்குள் ஒரு மோட்டார் முனகியது.

காலி சீட் மெல்ல முன்னால் நகர்ந்தது. ஸ்டியரிங்கைத் தொடும் வரை நகர்ந்து, அங்கே ஏதோ இடிபட்டது போல ஒருமுறை நின்று, மறுபடி அழுத்தியது.

நுஹா பல்லைக் கடித்தாள். அவள் இரண்டு கைகளும் வயிற்றுக்குப் போயின. முகம் வெளுத்துவிட்டது. நான் அவள் தோளைப் பிடிக்கப் போனேன். அவள் தட்டிவிட்டாள்.

"அந்தப் பேரைக் கேட்டதும் அவ வந்துட்டா, பாத்தீங்களா," என்றாள். "கூப்பிட்டது நீங்க. யாரைக் கூப்பிட்டீங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

கார்க் கதவின் பூட்டு, உள்ளிருந்து, 'டக்'கென்று திறந்தது.

நுஹா நகரவில்லை. வியர்வை வழியும் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினாள். அவள் கண்களில் பயமும் இருந்தது, அதைவிடப் பழைய வேறொன்றும் இருந்தது.

"உஸ்தா, என் முகத்தைப் பாத்து, அவளுக்குக் கேக்கற மாதிரி, என்னை ஒரு தடவை அப்படிக் கூப்பிடுங்களேன்."