பட்டாபிஷேகத்துக்குப் பிறகு

நெடுங்காட்டு இளையபெருமாள் ஊர் ஊராகப் போய்ப் பாரதம் படிப்பவர். எழுபத்தெட்டாம் ஆண்டு வைகாசியில் காரைக்கால்மேட்டுத் திரௌபதியம்மன் கோயிலுக்கு வந்து இறங்கியபோது, பேயும் பிசாசும் அவருக்குக் கூட்டத்தை எழுந்து போகவிடாமல் உட்கார வைக்கும் சரக்குதான். எந்த ஊரிலும் தருமருக்குப் பட்டாபிஷேகம் ஆனதும் படிப்பை முடித்துவிடுவது வழக்கம். அதற்கு மேலும் பர்வங்கள் உண்டு. அவற்றைக் கோயிலில் படிப்பதில்லை.

பட்டாபிஷேகம் முடிந்த மறுநாள் அமிர்தம் அவரைத் தேடி வந்தாள். முந்தைய ஆண்டுப் புயலில் அவள் மகன் மாணிக்கவேல் போன கட்டுமரம் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அவன் போன பிறகு பிறந்த கைக்குழந்தையோடு மருமகள் அல்லி இன்னும் காத்திருந்தாள். அதே புயலில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் சிலரும் அமிர்தத்தின் பின்னால் வந்து நின்றார்கள்.

போரில் செத்தவர்கள் வியாசர் அழைத்ததும் கங்கையிலிருந்து எழுந்து வந்து, ஓர் இரவு குடும்பத்தோடு இருந்துவிட்டுத் திரும்பும் பகுதி ஒன்று ஆசிரமவாச பர்வத்தில் வருகிறது. அதை யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அத எங்களுக்காவ ஒரு தடவ கடக்கரையில வச்சுப் படிங்கய்யா. கண்ணால பாத்துட்டாப் போதும்."

வழக்கமில்லை என்று அவர் மறுத்துப் பார்த்தார். அவள் நகரவில்லை. கேட்டு அழுதால் மனப்பாரமாவது இறங்கும் என்று கடைசியில் சம்மதித்தார்.

பொழுது சாயும் நேரம். வலை காயும் மணலில் பெண்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, ஒவ்வொரு சுலோகமாகச் சொல்லித் தமிழில் விரித்தார். வியாசர் நீரில் இறங்கிச் செத்தவர்களை அழைத்தார் என்று சொன்னபோது காற்று நின்றது. கருவாட்டு வாடையும் நின்றது. ஆழத்துச் சேற்றின் வாடை சில்லென்று அவர் பிடரியில் வந்து பட்டது.

அலைச் சத்தம் இல்லை.

பெண்களின் பார்வை எல்லாம் அவருக்குப் பின்னால் கடலில் இருந்தது. திரும்பிப் பார்த்தார்.

இடுப்பளவு நீரில் ஆண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

யார் உடம்பிலும் காயமில்லை. மாணிக்கவேல் நேரே வந்து அல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட நீர் வழிந்தது.

அடுத்த பகுதி இளையபெருமாளுக்கு மனப்பாடம். செத்தவர்கள் நீருக்குத் திரும்புவார்கள். புருஷனோடு போக விரும்பும் மனைவியர் நீரில் இறங்கலாம் என்று வியாசர் சொல்வார். அவர்களும் இறங்குவார்கள். அல்லியின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் புத்தகத்தை மூடி, மங்களம் சொல்லி, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பெண்கள் போனார்கள்.

ஆண்களும் கூடவே போனார்கள்.

கதையை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அவர் அறியாததல்ல. இரக்கப்பட்டுத்தான் நிறுத்தினார். ஆனால், வந்தவர்களை அனுப்பி வைப்பதும் அந்தப் பகுதியில்தான் இருந்தது.

ஒரு வாரத்துக்குள் அமிர்தம் நெடுங்காட்டுக்கே வந்துவிட்டாள். மகன் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, குழந்தையை மட்டும் மடியை விட்டு இறக்குவதில்லை என்றாள். வீட்டில் ஒரு பாய்கூடக் காய்வதில்லையாம். குழந்தை அழுவதையே நிறுத்திவிட்டதாம்.

"புள்ள ஒடம்பு சில்லுன்னு ஆயிட்டே வருது. மிச்சத்தப் படிச்சு அனுப்பிடுங்கய்யா."

படித்தால் அல்லியும் போய்விடுவாளே என்றார் அவர்.

"தெரியுங்க. அவதான் என்னை அனுப்புனா."

அவளை விட்டுவிடக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அன்று சாயங்காலம், கரையில் ஏற்றியிருந்த கட்டுமரங்களோடு அல்லியையும் மற்றப் பெண்களையும் அமிர்தமே நைலான் கயிற்றால் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்த பிறகு அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் படிக்கத் தொடங்கினார்.

கூடவே வந்து மணலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்தார்கள்.

மாணிக்கவேல் குழந்தையோடு எழுந்தான்.

அமிர்தம் ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. நீரை நோக்கி நடந்தான். அவள் அவன் காதோடு பேசினாள்.

"தனியாப் போவ வேணாம்டா. நான் வர்றேன். புள்ளயக் குடு."

அவன் நின்றான். கொடுத்தான்.

அவள் குழந்தையை அல்லியின் மடியில் போட்டுவிட்டு வந்து, மகனின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நீரில் இறங்கினாள். மனைவியரைக் கட்டிப்போடத் தெரிந்ததே தவிர, தாயைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. அல்லி கயிறு இடுப்பை அறுக்கத் திமிறினாள். இளையபெருமாள் அழுதுகொண்டே படித்தார். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

அலைச் சத்தம் திரும்பி வந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

மறு வருஷமும் அதே கோயிலில் பட்டாபிஷேகத்தோடு படிப்பை முடித்துப் புத்தகத்தை மூடினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், தொண்டை நிறைய நீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல், மெதுவாகக் கேட்டது.

"அப்பறம்?"

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அல்லி மட்டும் திரும்பவில்லை. குழந்தையை அணைத்தபடி சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.